ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத ஒரு விசாரணைக் கைதி: நிகழ்வு ஆய்வு

இந்த வழக்கு தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில், 2024 ஜூலையில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) நடைமுறைக்கு வந்த பிறகு நடந்தது. சட்ட உதவி வழக்கறிஞர் என்ற முறையில் இதை நான் நடத்தினேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். சிறைவாசிகளைச் சந்திக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கும் சட்டத் தன்னார்வலர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது இருபத்து நான்கு. சென்ட்ரிங் வேலை செய்பவர். சொந்த ஊர் வேறு மாவட்டத்தில் ஒரு கிராமம். தந்தை இல்லை. தாய் நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாட்களில் களையெடுக்கவும் போகிறவர். மேஸ்திரி ஒருவர் மூலம் இந்த நகரத்துக்கு வந்து, கட்டடம் நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் இன்னும் இரண்டு தொழிலாளர்களுடன் தங்கியிருந்தார். அந்த இருவரும் உள்ளூர்க்காரர்கள். இந்த வழக்கின் போக்கு முழுவதையும் அந்த ஒரு வேறுபாடுதான் தீர்மானித்தது.

கட்டடத்தின் பொருட்கள் வைத்திருந்த அறையிலிருந்து செப்புக் கம்பிச் சுருள்களும் ஒரு துளையிடும் இயந்திரமும் காணாமல் போயின. உரிமையாளர் புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கையில் யார் பெயரும் இல்லை. இரவில் அங்கே தங்கியிருந்தவர்கள் என்பதால் மூவரும் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மறுநாள் கைது காட்டப்பட்டது. பொருட்கள் வைக்கும் கட்டடத்தில் திருடியதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 305ஆம் பிரிவில் வழக்கு. அதற்கு அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள். மூவர் மீதும் அதற்கு முன் எந்த வழக்கும் இல்லை.

கைதும் ரிமாண்டும்

ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடக்க வேண்டிய காரியமல்ல. கைது ஏன் தேவை என்று காவல் அதிகாரி காரணம் எழுத வேண்டும். தேவையில்லை என்றால் நேரில் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அந்தக் காரணங்களை நடுவர் (மாஜிஸ்திரேட்) படித்துப் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே காவலில் வைக்க உத்தரவிட வேண்டும் என்றும் சொன்னது.

பின்னாளில் ரிமாண்ட் அறிக்கைகளின், அதாவது காவலில் வைக்கக் கோரி காவல்துறை தந்த அறிக்கைகளின், நகல்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் காரணங்கள் ஒரே வாக்கியங்களில் இருந்தன: சாட்சிகளைக் கலைத்துவிடுவார், தலைமறைவாகிவிடுவார், மீண்டும் குற்றம் செய்வார். பிறந்ததிலிருந்து அதே நகரத்தில் வாழ்பவருக்கும், வெளி மாவட்டத்திலிருந்து வந்தவருக்கும் ஒரே வரி. யாரைப் பற்றியும் தனியாக யோசித்ததற்கான தடயம் இல்லை. விடுமுறை நாள் என்பதால் நடுவரின் இல்லத்தில் ஆஜர்படுத்தியிருந்தார்கள். கைதானவரை நடுவர் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கெடு மீறப்படவில்லை. சட்ட உதவி வழக்கறிஞர் யாரும் அப்போது உடன் இல்லை. ‘ஏதாவது சொல்ல விரும்புகிறாயா’ என்ற கேள்விக்கு மூவருமே ‘இல்லை’ என்றதாகப் பதிவு இருக்கிறது. போலீஸ்காரர் அருகில் நிற்க, நடுஇரவில், என்ன கேட்கிறார்கள் என்றே புரியாத ஒருவர் வேறென்ன சொல்வார்?

ஜாமீன் உத்தரவும் அதன் பிறகும்

மற்ற இருவரின் குடும்பத்தார் வழக்கறிஞர் வைத்தார்கள். அவர் மனிதாபிமானத்தோடு மூன்றாமவர் பெயரையும் அதே மனுவில் சேர்த்துக்கொண்டார். காவலின் 11ஆம் நாள் மூவருக்கும் ஜாமீன் கிடைத்தது. தலா 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவினர், தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. நம் நீதிமன்றங்களில் தினமும் பார்க்கிற நிபந்தனைகள்தான்.

16ஆம் நாள் உள்ளூர்க்காரர்கள் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு அண்ணனும் மாமாவும், மற்றவருக்குத் தந்தையும் பக்கத்து வீட்டுக்காரரும் வீட்டு வரி ரசீதுடன் வந்து நின்றார்கள்.

மூன்றாமவரின் தாய்க்குத் தகவல் போய்ச் சேரவே நாளாகிவிட்டது. ஊரில் ஒருவரைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். நீதிமன்ற அலுவலகத்தில் ஆவணங்களைப் பார்த்த ஊழியர், வெளி மாவட்டச் சொத்து என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாயின் பெயரில் வீடு இல்லை. எனவே அவரும் ஜாமீன்தாரராக முடியவில்லை. நீதிமன்ற வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் உள்ளூர் ஜாமீன்தாரர் இருவரை ஏற்பாடு செய்வதாகச் சொன்னாராம். கேட்ட தொகை அந்தத் தாயின் சில மாதக் கூலி. அவர் ஊருக்குத் திரும்பினார்.

ஜாமீன் உத்தரவை நான் பல முறை படித்துப் பார்த்தேன். ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. நடுவர் விதிக்காத ஒரு நிபந்தனையை அலுவலக வழக்கம் சேர்த்திருந்தது. 1978இல் மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கையாண்ட சிக்கல் இதுவேதான். அங்கும் மனுதாரர் ஒரு கொத்தனார். அங்கும் 10,000 ரூபாய். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி நடுவர் ஏற்க மறுத்தார். பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் ஒரு மலையாளியும் தமிழரும் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்கள் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கேட்டார். 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதித் தரும் பத்திரத்தின் பேரில், அந்தக் கொத்தனாரை விடுவிக்க உத்தரவிட்டார். அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கடந்துவிட்டது. இங்கே மாநில எல்லைகூட இல்லை, மாவட்ட எல்லைதான்.

சிறையில் கண்டவை

சிறையிலுள்ள சட்ட உதவி மையத்துக்கு வாரந்தோறும் செல்லும் சட்டத் தன்னார்வலர் ஒருவர்தான் இவரைக் கண்டறிந்தார். அப்போது காவலின் 50ஆம் நாள் கடந்திருந்தது. ‘ஜாமீன் மனு போட வேண்டுமா’ என்று அவர் கேட்டதற்கு இவர் சொன்ன பதில்: “போட்டார்கள் அக்கா, கிடைத்தது, அப்புறம் ரத்தாகிவிட்டதாம்.” ஜாமீன்தாரரைத் திருப்பி அனுப்பியதையே ஜாமீன் ரத்தானதாக அவர் புரிந்துவைத்திருந்தார். உத்தரவின் நகல் அவர் கையில் இல்லை. யாரும் அதை அவருக்குப் படித்துக் காட்டவும் இல்லை.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்டவர்களுக்காகவே வந்தவை. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாட்களில் அவர் வெளியே போகவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் தாக்கலாகவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்த வேண்டுமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். இந்த வழக்கில் மூன்றில் ஒன்றுகூட நடந்ததாகக் கோப்பில் இல்லை. யாரும் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. ஜாமீன் வழங்கிய தேதியைச் சிறையின் கணினிப் பதிவில் ஏற்றாததால், ஏழு நாள் கணக்கே தொடங்கவில்லை. அந்த ஒரு கட்டம் காலியாக இருந்ததால் அவர் யார் பட்டியலிலும் வரவில்லை.

நான் அவரை நேரில் சந்தித்தபோது என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. பழகிய கைதி ஒருவர் அவருக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். அதை என்னிடம் கேட்டார்: “குற்றத்தை ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்களாமே, உண்மையா சார்?”

சில நேரம் அப்படி நடக்கும் என்பது உண்மை. அதை மறைக்க முடியாது. ஆனால் எடுத்தீர்களா என்று கேட்டால், எடுக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொன்னார். எடுக்காத பொருளுக்காகக் குற்றவாளியாகப் பதிவாகி வெளியே போவதற்கு அவர் தயாராகிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவு இருந்தால் அடுத்த முறை எங்கே கம்பி காணாமல் போனாலும் பழைய குற்றவாளி என்று முதலில் இவரைத் தேடி வருவார்கள் என்று விளக்கினேன். இன்னும் சில நாள் பொறுக்கும்படி கேட்டேன். பொறுப்பதாகச் சொன்னார். ஜாமீன்தாரர் கிடைக்காத ஒருவர் சிறையில் இழப்பது நாட்களை மட்டுமல்ல, வழக்கை நடத்தும் உரிமையையும்தான் என்பது எனக்கு அன்று மிகத் தெளிவாகத் தெரிந்தது.

எந்த வழி?

முன்னே இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, 60 நாட்கள் முடியும்வரை காத்திருந்து, குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் சட்டப்பூர்வ ஜாமீன் கேட்பது. மூத்த சக வழக்கறிஞர் ஒருவர் இதையே வலியுறுத்தினார். சுரக்‌ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவு தரும் உரிமை அது; வழக்கின் தன்மையைக் காட்டி அதை மறுக்க முடியாது. 2020இல் சென்னையிலிருந்து சென்ற ரவீந்திரன் வழக்கில், காலை 10.30க்கு ஜாமீன் மனு, மாலை 4.25க்கு கூடுதல் புகார் மனு (அந்த வழக்கில் குற்றப்பத்திரிகையின் இடத்தில் வருவது) என்று ஒரே நாளில் தாக்கலானபோதும், முதலில் மனு போட்டவரின் உரிமையை உச்ச நீதிமன்றம் காத்தது. இப்போது மின்-தாக்கல் இருப்பதால் மனு போட்ட நிமிடத்தைக்கூட நிரூபிக்கலாம். அதே ஆண்டு சரவணன் வழக்கில், இத்தகைய ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொல்லும் நிபந்தனை கூடாது என்றும் தீர்ப்பு வந்திருக்கிறது.

வலுவான வாதம்தான். ஆனால் எனக்கு மூன்று தயக்கங்கள் இருந்தன. முதலாவது, சில நாட்கள் சும்மா காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் மனம் மாறி ஒப்புக்கொண்டுவிடலாம். இரண்டாவது, கெடுவுக்கு முந்திய நாளில் குற்றப்பத்திரிகை வந்துவிடுவது நம் அனுபவத்தில் சகஜம். மூன்றாவதுதான் முக்கியம்: பிணை தரத் தயாராக இருந்து, அதைத் தந்தால்தான் சட்டப்பூர்வ ஜாமீனிலும் விடுதலை, தராதவரை காவலில் வைக்கலாம் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதாவது இன்னொரு ஜாமீன் உத்தரவு கிடைத்தாலும் அவர் அதே ஜாமீன்தாரர் கேள்வியில்தான் வந்து நிற்பார். உத்தரவு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. உடைக்க வேண்டியது தடையை.

எனவே உடனே நிபந்தனைத் தளர்வு மனு போடுவது என்று முடிவெடுத்தோம். சட்டப்பூர்வ ஜாமீன் மனுவையும் தயாராக எழுதி வைத்துக்கொண்டு, ரிமாண்ட் நாளையும் சேர்த்துக் கணக்கிட்டு, 61ஆம் நாள் காலையில் தாக்கல் செய்வது என்று குறித்துக்கொண்டோம். ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்திவிட்டது.

கிராமத்திலிருந்து வந்த அறிக்கை

தளர்வு மனுவில் ‘மனுதாரர் ஏழை’ என்று ஒரு வரி எழுதினால் போதாது. எழுதாத மனுவே கிடையாது என்பதால் அந்த வரியை யாரும் படிப்பதும் இல்லை. 2023 வழிகாட்டுதல்களில் ஒரு வழி இருக்கிறது: நன்னடத்தை அலுவலர் அல்லது சட்டத் தன்னார்வலர் மூலம் கைதியின் சமூக, பொருளாதார நிலையை விசாரித்து அறிக்கை தயாரித்து நீதிமன்றத்தில் வைக்கலாம். ஆணைக்குழுச் செயலாளரிடம் கேட்டோம். அன்றே அனுமதி கொடுத்தார்.

தன்னார்வலர் அந்தக் கிராமத்துக்கே போனார். அவர் கொண்டுவந்த இரண்டு பக்க அறிக்கைதான் இந்த வழக்கின் திருப்புமுனை. வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. புறம்போக்கு நிலத்தில் இருக்கிறது. வரி ரசீது இறந்துபோன பாட்டியின் பெயரில். கிராம நிர்வாக அலுவலர் நல்லவிதமாகவே பேசியிருக்கிறார்: “பையன் நல்ல பையன்தான் அம்மா, ஆனால் பட்டா இல்லாத இடத்துக்கு நான் என்ன மதிப்பு எழுதுவது?” அதையும் அறிக்கையில் அப்படியே எழுதியிருந்தார். தாயின் நூறு நாள் வேலை அட்டை, குடும்ப அட்டை, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் மகன் பதிவு செய்த அட்டை ஆகியவற்றின் நகல்கள் இணைந்திருந்தன. நல வாரிய அட்டை நான் எதிர்பாராதது. புகைப்படம், நிரந்தர முகவரி, வாரிசு பெயர், புதுப்பித்த தேதி எல்லாம் அதில் இருந்தன. தலைமறைவாகக்கூடியவர் என்று காவல்துறை சொன்ன மனிதரை, அரசாங்கமே முகவரியோடு பதிவு செய்து வைத்திருந்தது.

தாய்மாமன் ஒருவர் அதே மாவட்டத்தில் பட்டா வீட்டோடு இருக்கிறார், ஜாமீன் நிற்கச் சம்மதிக்கிறார் என்ற தகவலும் அதில் இருந்தது.

நீதிமன்றத்தில்

55ஆம் நாள் மனு தாக்கலானது. முதல் விசாரணையில் அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது. 59ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. தயாராக வைத்திருந்த சட்டப்பூர்வ ஜாமீன் மனுவுக்கு இனி இடமில்லை. காத்திருக்கும் வழியைத் தேர்ந்திருந்தால் அன்று எங்களிடம் எதுவும் இருந்திருக்காது.

62ஆம் நாள் தளர்வு மனு விசாரணைக்கு வந்தது. வெளி மாவட்டத்தவர், விட்டால் விசாரணைக்கு வரமாட்டார் என்று அரசு உதவி வழக்கறிஞர் ஆட்சேபித்தார். நடுவர் அறிக்கையைப் படித்துவிட்டு நல வாரிய அட்டையின் அசலைக் கேட்டார். தாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நடுவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மகன் வெளியே வந்தால் எங்கே தங்குவான் என்று நேரடியாக அவரிடமே கேட்டார். “என்னோடுதான் ஐயா” என்றார் அவர்.

நாங்கள் இரண்டு விஷயங்களை மட்டும் வாதிட்டோம். பிணைத் தொகை வழக்கின் சூழ்நிலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மிகையாகக் கூடாது என்று சுரக்‌ஷா சன்ஹிதாவின் 484ஆம் பிரிவு சொல்கிறது. பட்டா இல்லாதவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன்தாரரும் மிகைதான். ஒரே குற்றச்சாட்டு, ஒரே உத்தரவு பெற்ற இருவர் ஒன்றரை மாதத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் இன்னும் உள்ளே இருப்பதற்கு வழக்கில் எந்தக் காரணமும் இல்லை.

நாங்கள் கேட்ட முழுத் தளர்வு கிடைக்கவில்லை. சொந்தப் பிணையில் 30 நாட்களுக்குத் தற்காலிக ஜாமீன். அதற்குள் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவராயினும் ஒரே ஒரு ஜாமீன்தாரரை ஆஜர்படுத்த வேண்டும் என்று நடுவர் உத்தரவிட்டார். 2023 வழிகாட்டுதல்களில் இந்த வழியும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், எங்கள் கோரிக்கையைவிட இது பொருத்தமான தீர்வு. உள்ளே இருப்பவரால் ஜாமீன்தாரரைத் தேட முடியாது, வெளியே வந்தால் தேடலாம் என்ற எளிய உண்மையின் மேல் நிற்கும் உத்தரவு அது.

மின்னஞ்சல் போய்ச் சேர்வதற்குள் சிறையில் அன்றைய விடுதலை நேரம் முடிந்துவிட்டது. மறுநாள், 63ஆம் நாள் காலையில் வெளியே வந்தார்.

விடுதலைக்குப் பின்

தாய்மாமன் கெடுவுக்குள் வந்து கையெழுத்திட்டார். சொத்து ஆவணத்தைச் சரிபார்க்கும் கடிதம் மாவட்டம் தாண்டிப் போய் வர நாளானாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கையெழுத்து நிபந்தனையில்தான் அடுத்த சிக்கல். கட்டட வேலைக்குக் காலை எட்டு மணிக்கு ஆள் எடுத்துவிடுவார்கள். தினமும் 10.30க்கு நிலையத்தில் இருக்க வேண்டியவரை எந்த மேஸ்திரியும் சேர்க்கவில்லை. சொந்த ஊரில் தங்கவும் முடியாது. நிலையத்தின் எதிரே டீக்கடையில் பாத்திரம் கழுவும் வேலையில் சில வாரம் ஓட்டினார். வாரம் ஒரு நாள், சொந்த ஊர்க் காவல் நிலையத்தில் கையெழுத்திட்டால் போதும் என்று மாற்றக் கோரி மனு போட்டோம். ஒரு நாளும் தவறாமல் கையெழுத்திட்ட பதிவேட்டு நகலைப் பார்த்து நடுவர் அனுமதித்தார். அதன் பிறகுதான் அவருக்கு மறுபடி கூலி கிடைத்தது.

வழக்கு விசாரணை ஏறத்தாழ ஓராண்டு கழித்து முடிந்தது. கைப்பற்றியதாகக் காட்டிய கம்பிக்கும் உரிமையாளர் கொடுத்த பில்லுக்கும் அளவு பொருந்தவில்லை. மகஜர் (பொருள் கைப்பற்றியதற்கான பதிவு) சாட்சிகள் இருவரும், பொருள் கைப்பற்றப்பட்டதைத் தாங்கள் பார்க்கவில்லை, நிலையத்தில் கையெழுத்திட்டதாக மட்டுமே சொன்னார்கள். மூவரும் விடுதலையானார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளி மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் இவர். உள்ளூர்க்காரர் ஒருவருக்குத்தான் இடையில் பிடியாணை பிறந்தது.

மாற வேண்டியவை

இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆண்டறிக்கை காட்டுகிறது. முதல்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்தால் பிணையில் விட வேண்டும் என்று சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு சொல்வதைப் பெரிய சீர்திருத்தமாகப் பேசுகிறோம். வரவேற்க வேண்டிய பிரிவுதான். ஆனால் ஏழு ஆண்டுப் பிரிவில் அது 28 மாதங்கள். இந்த இளைஞருக்குத் தேவைப்பட்டது 12ஆம் நாளில் யாராவது ஒருவர் ‘நீ ஏன் இன்னும் போகவில்லை’ என்று கேட்பது.

இப்போது நாங்கள் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். முதல் ரிமாண்டின்போதே, விடுமுறை நாளானாலும், சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் இருக்கும்படி முறைவைத்திருக்கிறோம். ஜாமீன் நிற்கக்கூடியவர் யார், எந்த ஊர், பட்டா உண்டா, நல வாரிய அட்டை உண்டா என்று அன்றே கேட்டு எழுதிவிடுகிறோம். அதனால் ஜாமீன் மனுவிலேயே சொந்தப் பிணை கேட்க முடிகிறது. தளர்வு மனுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜாமீன் கிடைத்த அன்றே உத்தரவின் சாரத்தை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, கைதிக்கும் குடும்பத்துக்கும் கொடுக்கிறோம்.

எங்கள் கையில் இல்லாத இரண்டு வேலைகள் மீதம் இருக்கின்றன. ஜாமீன் தேதியைச் சிறைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு யாருடையது என்று பெயர் குறித்து உத்தரவிட வேண்டும். உத்தரவில் இல்லாத பட்சத்தில் வெளி மாவட்ட ஜாமீன்தாரரின் ஆவணத்தை அலுவலகம் திருப்பக் கூடாது, திருப்பினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டையும் கேட்டு ஆணைக்குழு வழியாக மாவட்ட நீதிபதிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். முதலாவதற்கு ஒப்புதல் வந்துவிட்டது. இரண்டாவது பரிசீலனையில் இருக்கிறது.